விரலில் ஒட்டிய எண்ணெய்

பூங்கொடி மாஸ்டரிடம் தொழில் பழக வந்தவர்களில் நஞ்சப்பன்தான் வயதில் மூத்தவர். மாஸ்டரைக் காட்டிலும் மூத்தவர். தலை பாதி நரைத்த பிறகு ஒரு ஆள் சிஷ்யனாகப் போய் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? கணபதி ஏரியாவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் காயில் கட்டும் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, மண் ரேஸ் பைக்குக்கு என்ஜின் வேலை பழகப் போகிறேன் என்று கிளம்பினவரைப் பார்த்து, "இந்த மனுசனுக்கு என்னாச்சு?" என்று அவர் மனைவியே அக்கம்பக்கத்தில் கேட்டாள்.

மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில வந்துருங்கண்ணா," என்றார். அவ்வளவுதான் சேர்க்கை.

மதுக்கரைக்குத் தெற்கே வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்று இருக்கிறது. அதற்குள்தான் பயிற்சி. மேடு, பள்ளம், செம்மண், மழை பெய்தால் சகதி. மாஸ்டரின் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்துக்கு முன்னால் வண்டி ஓட்டுகிறவன் தானாகக் கிக்கரில் கால் வைக்க மாட்டான். என்ஜினைக் கழற்றிப் பூட்டிய ஆளைத் திரும்பிப் பார்த்து, "போலாங்களா?" என்று கேட்பான். அந்த ஆள் "போலாம்" என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் சொன்னாலும் செல்லாது, போட்டி நடத்துகிறவர் வந்து சொன்னாலும் செல்லாது. பூட்டிய ஆள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், அப்புறம் ஓட்டுகிறவன் வண்டியைப் பற்றி நினைக்கவே கூடாது. பாதையை மட்டும் பார்த்துப் போக வேண்டும்.

இந்தத் தடவை அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவர் நஞ்சப்பன். முதல் தடவை. ஓட்டப் போகிறவன் கரும்புக்கடை ஏரியாப் பையன் தௌபீக். சென்னையிலிருந்து ஒரு பெரிய டீமின் ஆள் அவன் ஓட்டுவதைப் பார்க்கவென்றே வருகிறார் என்று பேச்சு. பிடித்துப்போனால் பையனின் வாழ்க்கையே மாறிவிடும்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும்.

அன்றைக்கு மாஸ்டர் டவுனுக்குப் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். "புது பிஸ்டன் போட்டிருக்குது. நின்ன எடத்துலயே மெதுவா சூடேத்தி அமத்திருங்கண்ணா. வேற ஒண்ணும் வேண்டாம்."

நஞ்சப்பனுக்கு ஆசை வந்துவிட்டது. இத்தனை மாசம் பூட்டியாயிற்று, கழற்றியாயிற்று, ஒரே ஒரு தரம் அந்தக் குவாரிச் சரிவில் ஓட்டி ஏறிப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்? பார்க்கவும் ஆளில்லை. ஏறினார். பாதிச் சரிவில், காலையில் பெய்த மழையின் சகதிக்குள் பின்சக்கரம் புதைந்தது.

அந்த இடத்திலேயே என்ஜினை அமர்த்தியிருக்க வேண்டும். வந்த முதல் வாரம் எல்லாருக்கும் சொல்லித்தருகிற பாடம்தான். ஆனால் அமர்த்தினால் வண்டியைத் தூக்க ஆள் கூப்பிட வேண்டும். ஆள் வந்தால் மாஸ்டர் காதுக்குப் போகும். அதனால் ஆக்சிலேட்டரை முறுக்கினார். சக்கரம் சுற்றின சுற்றில் சகதி வாரியடித்து ரேடியேட்டர் முழுக்க அப்பிக்கொண்டது. காற்றுப் புக வழியில்லை. உள்ளே தண்ணீர் கொதித்து ஆவி சீறியது. பார்த்துக்கொண்டேதான் முறுக்கினார். ஒரு வழியாக வண்டி சகதியை விட்டு வெளியே வந்தது. வந்த கையோடு உள்ளே எதுவோ பிறாண்டுகிற சத்தம் கேட்டது. என்ஜின் தானாக நின்றுவிட்டது.

ஆறவைத்து உதைத்தார். ஸ்டார்ட் ஆயிற்று. போன உயிர் திரும்பி வந்தது. அமர்த்திவிட்டு மறுபடி உதைத்தார். கால் தடையே இல்லாமல் சரக்கென்று கீழே போனது.

நல்ல என்ஜின் என்றால் கிக்கர் காலை எதிர்க்கும். உள்ளே பிஸ்டன் காற்றை நெருக்கிப் பிடிக்கிற பலம் அது, கம்ப்ரஷன் என்பார்கள். அந்தப் பலம் போயிருந்தது. சூட்டில் பிஸ்டன் பெருத்து சிலிண்டரை உரசிவிட்டது என்று நஞ்சப்பனுக்குப் புரிந்துபோயிற்று. அப்படி உரசின பிஸ்டன் ஓடும். ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, நினைக்காத இடத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். சமதரையில் பிடித்தால் சிராய்ப்போடு போகும். வேகமெடுத்து மேட்டில் ஏறித் தாவுகிற நேரத்தில் பிடித்தால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். விழுகிறபோது கழுத்து எந்தப் பக்கம் என்று யார் கண்டார்?

வண்டியைக் கழுவினார். துடைத்தார். பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மாஸ்டர் திரும்பி வந்து, "சூடேத்தினீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"ஏத்திட்டேனுங்க," என்றார் நஞ்சப்பன்.

சொன்னதை மீறி என்ஜினை வேக வைத்தவனை மாஸ்டர் அன்றைக்கே அனுப்பிவிடுவார் என்று அங்கே ஒரு பேச்சு. யாரையும் அனுப்பி நஞ்சப்பன் பார்த்ததில்லை. பயம் என்ன, பார்த்துவிட்டா வருகிறது? இருபது வயதுக்காரனை அனுப்பினால் அவனுக்கு இன்னொரு இடம் கிடைக்கும். நஞ்சப்பன் எங்கே போவார்? மச்சினன் கடையில், தன் பழைய நாற்காலிக்கு எதிரே நின்று, அவன் கொடுக்கிற காயிலைச் சுற்ற வேண்டியதுதான். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பந்தயம் பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில். விடிகிற நேரத்துக்கே வண்டியை இறக்கி, கூடாரத்துக்குள் நிறுத்தியாயிற்று. மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். நஞ்சப்பன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். ஊசி போடுகிற சிரிஞ்சில் கொஞ்சம் என்ஜின் ஆயில் எடுத்து, பிளக் ஓட்டை வழியாக உள்ளே விட்டார். பழைய வண்டியை விற்கிறவர்கள் செய்கிற வேலை இது. பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் இறங்கி நின்றால், தேய்ந்த இடைவெளி கொஞ்ச நேரத்துக்கு அடைபடும். போன பலம் திரும்பி வந்த மாதிரி இருக்கும். வண்டி ஓடினால் எண்ணெய் எரிந்துபோகும், பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

பிளக்கை மாட்டிவிட்டுக் கிக்கரைக் கையால் அமுக்கிப் பார்த்தார். எதிர்த்து நின்றது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

"என்ன நஞ்சண்ணா, ஓட்டப் போறது நானா நீங்களா? உங்க மூஞ்சி வெளுத்துக் கெடக்குது," என்று கேட்டுக்கொண்டே தௌபீக் உள்ளே வந்தான். முழங்காலுக்குக் கவசம் மாட்டியிருந்தான். காதில் போன்.

"தூக்கமில்ல தம்பி."

"எங்கம்மா. உங்ககிட்டப் பேசணுமாம்."

போனை நீட்டிவிட்டான். வாங்காமல் இருக்க முடியுமா? நஞ்சப்பன் வாங்கிக் காதில் வைத்தார்.

"அண்ணே, நேத்து ராத்திரி பூரா எனக்கு ஒறக்கமே இல்லைண்ணே," என்றது அந்தக் குரல். "இவன் சொன்னான், வண்டியை நஞ்சண்ணன்தான் பூட்டியிருக்காருன்னு. அதுக்கப்பறம்தான் மனசு ஆறுச்சு. நீங்களும் பிள்ளை குட்டி உள்ளவங்க. பாத்துத்தான் அனுப்புவீங்க."

"சரிங்கம்மா," என்றார் நஞ்சப்பன்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது மாஸ்டர் உள்ளே வந்தார். பந்தயத்து அன்றைக்குக் காலையில் ஒவ்வொரு வண்டியையும் மாஸ்டர் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பார். குனிந்து கிக்கரைக் கையால் அமுக்கினார். அது எதிர்த்து நின்றது.

"ம்," என்றார்.

அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்? தெரிந்துபோயிற்றா, தெரியவில்லையா? தௌபீக் கையுறை எடுக்க வெளியே போனான். பேசாமல் இருந்திருக்கலாம். பயந்தவனால் பேசாமல் இருக்க முடிகிறதா? அவராகவே வாயைக் கொடுத்தார்.

"மாஸ்டருங்க, ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணா."

"வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கும். ஆனா உள்ள போயிருக்கும். அந்த மாதிரி என்ஜினை எப்படீங்க கண்டுபுடிக்கறது?"

மாஸ்டர் ஸ்பேனரை எடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார்.

"பெருவிரலை இந்த ஓட்டை மேல வைங்க. நல்லா அழுத்தி."

நஞ்சப்பன் வைத்தார். மாஸ்டர் கிக்கரை ஒரு உதை உதைத்தார். உள்ளிருந்து வந்த காற்று விரலைத் தள்ளிவிட்டது. புஸ்ஸென்று சத்தம். விரலெல்லாம் எண்ணெய். நகக்கண்ணில், ரேகையில், விரலிடுக்கில், எங்கே பார்த்தாலும் எண்ணெய்.

இரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

மாஸ்டர் சீட் மேல் கிடந்த வேஸ்ட் துணியை எடுத்து நீட்டினார். "தொடச்சுக்குங்க," என்றார். பிளக்கைத் தானே மாட்டினார். குனிந்து கொஞ்ச நேரம் மாட்டினார். நிமிர்ந்து, "தெரிஞ்சுதுங்களாண்ணா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதுங்க."

"சரி," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் போன பிறகும் நஞ்சப்பன் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்டுபிடித்துவிட்டாரா? கண்டுபிடித்திருந்தால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பிளக்கின் மேல் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கத்தானே செய்யும், அதுவென்று நினைத்திருப்பார். ஆமாம், அப்படித்தான் நினைத்திருப்பார். நினைத்திருப்பாரா?

வெயில் ஏறியது. முதல் பந்தயம் தொடங்கியது. சின்ன வண்டிகள். மைதானத்தின் நடுவில் ஒரு பெரிய மேடு கட்டியிருந்தார்கள், ஆள் உயரத்துக்கு மேலே. வண்டிகள் வேகமாக வந்து அதில் ஏறி, அந்தரத்தில் பறந்து, அந்தப் பக்கம் விழுந்து ஓடின. ஒரு பையன் பறந்தது சரியில்லை. முன்சக்கரம் முதலில் குத்தி, குட்டிக்கரணம் போட்டு விழுந்தான். ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து உட்கார்ந்தான், தோள்பட்டை மட்டும் இறங்கியிருந்தது. கூட்டம் கைதட்டியது. நஞ்சப்பனால் கைதட்ட முடியவில்லை.

வழக்கமாக இந்த நேரத்தில் எல்லாரும் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் எரியும், புகை கக்கும். நஞ்சப்பன் வண்டியைத் தொடவே இல்லை. ஏன் இன்னும் சூடேற்றவில்லை என்று மாஸ்டரும் கேட்கவில்லை. தன் நல்ல நேரம் என்று நஞ்சப்பன் நினைத்துக்கொண்டார்.

மனசு சும்மா இருக்குமா? கணக்குப் போட்டது. ஒருவேளை அவ்வளவு மோசமில்லையோ. எண்ணெய் கொஞ்ச தூரம் தாங்கும். பாதிப் பந்தயத்தில் பலம் குறைந்தால் தௌபீக் தானாகவே ஒதுங்கிவிடுவான். தோற்றுப்போவான், அவ்வளவுதான், கழுத்து முறியாது. தோற்பது பெரிய விஷயமா? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இப்படி நினைக்க நினைக்க அவருக்குத் தன்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது.

எழுந்து தௌபீக்கிடம் போனார். அவன் நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். உதடு மட்டும் அசைந்தது. பிரார்த்தனை செய்கிற பையனை எப்படிக் கூப்பிடுவது? திரும்பி வந்தார். திரும்பி வர ஒரு காரணம் கிடைத்ததில் அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

மாஸ்டர் லாரிக்குப் பின்னால் நின்று தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டருங்க…"

"சொல்லுங்கண்ணா."

"ஒண்ணுமில்லீங்க."

மாஸ்டர் ஒரு வாய் சாப்பிட்டார். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். நஞ்சப்பன் நகரவில்லை.

"பயமா இருக்குதுங்க," என்றார்.

"எதுக்குங்க?"

"தௌபீக்குக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு."

"அது ஒண்ணுதானுங்களா?"

இதோ, கேட்டுவிட்டார். இப்போது சொன்னால் ஆயிற்று. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் மாஸ்டர் பொட்டலத்தை மடித்துவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணா," என்பார். பேருந்தில் ஏறி, கணபதியில் இறங்கி, கடை வாசலில்…

"அது ஒண்ணுதானுங்க," என்றார்.

"சாப்பிடறீங்களா? இன்னொரு பொட்டலம் இருக்குது."

"வேண்டாமுங்க."

ஒலிபெருக்கியில் தௌபீக்கின் பந்தயத்தைக் கூப்பிட்டார்கள்.

வண்டியை நஞ்சப்பனும் தௌபீக்குமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். தொடங்குகிற இடத்தில் வரிசையாக வண்டிகள். சென்னைக்காரர் கறுப்புக் கண்ணாடியோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். மாஸ்டர் நஞ்சப்பனுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆகி உறுமத் தொடங்கின. புழுதி கிளம்பியது. எதிரே அந்த மேடு, வெயிலில் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

தௌபீக் வண்டி மேல் ஏறி உட்கார்ந்தான். ஹெல்மெட்டை இறுக்கினான். கண்ணாடியை இறக்கினான். பிறகு, வழக்கப்படி, தலையைத் திருப்பி நஞ்சப்பனைப் பார்த்தான்.

"போலாங்களாண்ணா?"

நஞ்சப்பன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. முந்தின நாள் மாஸ்டரிடம் "ஏத்திட்டேனுங்க" என்று சொன்ன அதே நாக்குதான் இது. அப்போது எவ்வளவு சுலபமாகச் சொல்லிற்று. காலையில் போனில் "சரிங்கம்மா" என்றதும் இதுதான். இன்னும் ஒரே ஒரு சொல்.

தௌபீக் காத்திருந்தான். ஹெல்மெட்டுக்குள் அவன் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் சந்தேகம் இருந்திருந்தால் ஒருவேளை நஞ்சப்பன் சொல்லியிருப்பாரோ என்னவோ. துளி சந்தேகம் இல்லை. கடையில் பொட்டலம் வாங்கக் கை நீட்டுகிற மாதிரி சாதாரணமாகக் காத்திருந்தான்.

"வேண்டாம் தம்பி," என்றார் நஞ்சப்பன்.

"என்னண்ணா?"

"வேண்டாம். எறங்கு. உள்ள போயிருச்சு. நேத்து நான் சரிவுல ஏத்தினேன், சூடாகி பிஸ்டன் ஒரசிருச்சு. காலையில எண்ணெய் ஊத்தி மறைச்சேன். எறங்குப்பா."

தௌபீக்குக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது.

"இப்பச் சொல்றீங்க," என்றான். "இங்க வந்து, இப்பச் சொல்றீங்க. எங்கம்மாகிட்டப் பேசினீங்கல்ல? அப்பச் சொல்றதுக்கென்ன?"

கொடி இறங்கியது. மற்ற வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து போயின. அவர்கள் மூன்று பேரும் அந்த வண்டியும் மட்டும் அங்கேயே நின்றார்கள். தௌபீக் கையுறைகளை உருவித் தரையில் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டான். நஞ்சப்பன் குனிந்து அவற்றை எடுத்து, மண்ணைத் தட்டி, வண்டியின் மேல் வைத்தார். சென்னைக்காரர் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

மாஸ்டர் ஹேண்டில்பாரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இன்னொரு பக்கத்தை நஞ்சப்பன் பிடித்தார். தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பந்தயம் எல்லாம் முடிந்து, கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஒரு சாக்கை விரித்து, "கழட்டுங்கண்ணா," என்றார். நஞ்சப்பன் கழற்றினார். சிலிண்டரைத் தூக்கினதும் பிஸ்டன் வெளியே தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்க மேலிருந்து கீழே கீறல், நகம் சிக்குகிற ஆழத்துக்கு. காற்றைப் பிடிக்க வேண்டிய ரிங் பள்ளத்துக்குள் உருகின உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. மாஸ்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த மேட்டை ஒரு தடவை தாண்டியிருக்கும்," என்றார். "ரெண்டாவது தடவை சந்தேகந்தான்."

நஞ்சப்பன் சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கெளம்பட்டுங்களா மாஸ்டருங்க?"

"எங்கீங்க?"

"வீட்டுக்குத்தான்."

"இதை யாரு பூட்டறது?"

நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தௌபீக்?" என்று கேட்டார்.

"கோவமாத்தான் இருக்கான். கொஞ்ச நாளைக்கு உங்க மொகத்துல முழிக்க மாட்டான். அந்தச் சென்னைக்காரர்கிட்ட நான் பேசிப் பாத்தேன். குவாரிக்கே ஒரு நாள் வந்து பாக்கறேங்கறாரு. வந்தா உண்டு."

"உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"உங்க வெரலைப் பாத்தப்ப."

"அப்பவேங்களா?" நஞ்சப்பன் நிமிர்ந்து பார்த்தார். "காலையிலயே தெரிஞ்சுமா அந்தப் பையனை வண்டி மேல உக்கார விட்டீங்க? நான் பாட்டுக்குப் போலாம்னு சொல்லியிருந்தா?"

"வண்டி கெளம்பியிருக்காதுங்கண்ணா. பிளக்கை மாட்டறப்பவே ஒயரை மூடிக்குள்ள கழட்டி உட்டுட்டேன். எத்தனை ஒதை ஒதைச்சாலும் பொறி வராது."

நஞ்சப்பன் அவரையே பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். மெதுவாக, நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்தது எல்லாம் இளகி வெளியே வந்தது. காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்தது எல்லாம் இதற்குத்தானா? அவருக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கெரகமே. உசுரைக் கையில புடிச்சுட்டு நின்னேனுங்க மாஸ்டர். அப்ப நான் போலாம்னே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்களா?"

மாஸ்டர் பிஸ்டனை அவர் கையில் வைத்தார்.

"தௌபீக்குக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்கண்ணா."